கடவுள் இல்லாத ஒரு மதத்தை பென் கிளாசன் ஏன் நிறுவினார்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: கடவுளையும் மறுமையையும் மறுத்த பென் கிளாசன், 1973ல் அமெரிக்காவில் வெள்ளையருக்கென்று ஒரு மதத்தைத் தொடங்கியது எப்படி? அது வரிவிலக்குக்காகப் போட்ட வேடமா? சிறுவயதில் பார்த்த பஞ்சமும் வன்முறையும் அவரை அப்படி ஆக்கினவா? அல்லது மனநோயா? கடைசியாக, அவருடைய சீடர்கள் ஒரு நீதிபதியின் குடும்பத்தைக் கொன்றார்கள் என்பது உண்மையா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஒரே திகைப்புதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றாகப் படித்து, தொழில் செய்து சம்பாதித்து, சட்டமன்றம் வரை போன ஒரு மனிதர் இதையெல்லாம் மனதார நம்பியிருக்க முடியுமா என்ற திகைப்பு. முடியும், நம்பினார் என்பதே என் பதில். நவீன மத இயக்கங்களின் வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதலில் ஆதாரங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிளாசனின் இளமைக்காலத்தைப் பற்றி இணையத்தில் சுற்றும் செய்திகளில் பெரும்பகுதி அவரே தன் முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலிருந்து வந்தவை. தேர்தல் முடிவு, காப்புரிமை, நிலப் பத்திரம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த வயதில் என்ன நினைத்தார், எந்த நூல் அவர் கண்ணைத் திறந்தது என்பதெல்லாம் அவர் வாக்குமூலம் மட்டுமே. ஒரு மதத்தின் நிறுவனர் தன் கதையைச் சொல்லும்போது, எல்லாச் சாலைகளும் அந்த மதத்தை நோக்கியே வந்தது போலத்தான் சொல்வார். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவர் 1918 பிப்ரவரியில், இன்றைய உக்ரைனின் தென்பகுதியில் மொலோச்னா என்ற குடியிருப்பைச் சேர்ந்த ருட்னர்வைடே கிராமத்தில் பிறந்தார். அது ஜெர்மன் பேசும் மென்னோனைட்டுக் கிறிஸ்தவர்களின் ஊர். ஆயுதம் எடுக்கக் கூடாது என்பதை மதக் கடமையாகவே கொண்ட சமூகம் அது. ரஷ்யப் புரட்சியை அடுத்த உள்நாட்டுப் போரில் நெஸ்தர் மக்னோ என்ற அராஜகவாதத் தலைவரின் படைகள் அந்தக் கிராமங்களில் புகுந்து கொன்றன, கொள்ளையடித்தன. பிறகு 1921-22ல் பெரும் பஞ்சம் வந்தது. கிளாசன் குடும்பம் அங்கிருந்து கிளம்பி, மெக்சிகோவில் சிறிது காலம் இருந்துவிட்டு, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹெர்ஷல் என்ற ஊரில் குடியேறியது. அப்போது அவருக்கு ஏழு வயதுதான்.

'குழந்தைப் பருவத்துக் காயம்' என்ற விளக்கத்தை இங்கே பலர் எளிதாக ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே பஞ்சத்தில், அதே மொலோச்னாவில், இன்னொன்றும் நடந்தது. அமெரிக்க மென்னோனைட்டுகள் 1920ல் மென்னோனைட் மத்தியக் குழு என்ற நிவாரண அமைப்பைத் தொடங்கினார்கள். 1922 வசந்த காலத்தில் உக்ரைன் கிராமங்களில் அவர்களுடைய கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. உச்சகட்டத்தில் அன்றாடம் ஏறத்தாழ 25,000 பேருக்கு அங்கே சோறு கிடைத்தது. மென்னோனைட்டுகளுக்கு மட்டும் என்று வாசலில் நிறுத்தவில்லை, பக்கத்து ஊர்க்காரர்களும் சாப்பிட்டார்கள். அந்த அமைப்பு பிறகு உலகம் முழுக்கப் போனது, வங்கப் பஞ்சத்தின்போது கல்கத்தாவுக்கும் வந்தது. கிளாசனோடு அந்தத் துயரத்தைக் கண்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர். 1923க்கும் 1930க்கும் இடையில் கனடாவுக்குப் போன ஏறத்தாழ 20,000 மென்னோனைட்டு அகதிகளில் பெரும்பாலோர் விவசாயிகளாகவும் ஆசிரியர்களாகவும் வாழ்ந்து முடித்தார்கள். ஒரே பசியிலிருந்து இவ்வளவு வேறுபட்ட வாழ்க்கைகள் வரும்போது, பசியைக் காரணமாக நிறுத்துவது அந்த மற்றவர்களுக்கெல்லாம் செய்யும் அநீதி.

வேர் தேட வேண்டுமென்றால் நான் ருட்னர்வைடேயை விட்டுவிட்டு, சஸ்காச்சுவானில் உள்ள ராஸ்தர்ன் என்ற சிற்றூரைப் பார்ப்பேன். அங்கிருந்த ஜெர்மன்-ஆங்கிலப் பள்ளியில்தான் கிளாசன் படித்தார். அந்த ஊரிலிருந்துதான் 'டெர் போட்டே' என்ற ஜெர்மன் மொழி மென்னோனைட்டு இதழ் வெளிவந்தது. 1930களில் அந்த இதழின் பக்கங்களில் ஹிட்லரின் ஜெர்மனியைப் புகழ்ந்து கட்டுரைகளும் கடிதங்களும் வந்தன, அவற்றை மறுத்தும் வந்தன. ரஷ்யாவில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர், போல்ஷ்விக்குகளின் எதிரி தங்கள் நண்பன் என்று நினைத்த காலம் அது. மென்னோனைட்டு வரலாற்றாசிரியர்களே பிற்காலத்தில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஹிட்லரின் நூலை 1938ல் படித்ததாகவும், அது தன்னை ஆட்கொண்டதாகவும் கிளாசன் சொல்கிறார். ஆண்டை அவர் வாக்கில்தான் ஏற்க வேண்டும். ஆனால் அந்த நூலைத் தேடி எடுப்பதற்கான காற்று அந்த ஊரில் வீசியது என்பது அவர் சொல்லாமலே தெரிகிற உண்மை. அவரோடு அதே காற்றைச் சுவாசித்தவர்களில் பெரும்பாலோர் 1945க்குப் பிறகு வெட்கப்பட்டு ஒதுங்கினார்கள். அவர் ஒதுங்கவில்லை. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் உண்மையான திருப்பம் அந்த ஒதுங்காமைதான். அதற்கு எந்தப் பஞ்சமும் காரணமில்லை, அது வளர்ந்த ஒரு மனிதரின் தேர்வு.

சிறிது காலம் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார், மின்பொறியியல் படித்தார், 1945ல் கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே வீடு நிலம் வாங்கி விற்கும் தொழிலில் இறங்கினார். பங்காளி ஒருவரோடு சேர்ந்து நெவாடா பாலைவனத்தில் நிலம் வாங்கி மனைகளாகப் பிரித்துப் போட்டார். இன்றும் வரைபடத்தில் இருக்கும் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் அப்படித் தொடங்கியதுதான். பிறகு சமையலறைச் சுவரில் மாட்டும் மின்சார டப்பா திறப்பான் ஒன்றை வடிவமைத்து, 1950களின் நடுவில் காப்புரிமை பெற்று, சொந்தக் கம்பெனி வைத்து விற்றார். பெரிய நிறுவனங்கள் அதே பொருளோடு சந்தைக்கு வந்ததும் அவருடைய கம்பெனி நிற்க முடியாமல் 1962ல் கலைந்தது. இந்தப் பகுதியை வாழ்க்கைக் குறிப்புகளில் வேடிக்கைத் தகவலாகச் சேர்ப்பார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வெற்று நிலத்துக்குப் பெயர் வைத்து, வீதி வரைந்து, 'ஊர்' என்று விற்கத் தெரிந்தவர் அவர். பிற்காலத்தில் மதம் அமைத்தபோதும் அதே கை வேலை தெரிகிறது. சின்னம், கட்டளைகள், பட்டங்கள், தனி ஆண்டுக் கணக்கு என்று வேண்டியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தானே வடிவமைத்து, ஆள் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் தயாராக வைத்தார்.

1958ல் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்ததும் அரசியல். ஜான் பர்ச் சொசைட்டி என்ற தீவிர கம்யூனிச எதிர்ப்பு அமைப்பில் சேர்ந்து, அதன் புத்தகக் கடை ஒன்றை நடத்தினார். 1966 நவம்பரில் பிரோவர்ட் கவுண்டியிலிருந்து குடியரசுக் கட்சி வேட்பாளராக மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் ஒரே பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்பும் திட்டத்துக்கு எதிர்ப்பு, மத்திய அரசுக்கு எதிர்ப்பு, இவைதான் அவர் முழக்கங்கள். பதவி சில மாதங்களே நீடித்தது. தொகுதி எல்லைகளைத் திருத்த நீதிமன்றம் உத்தரவிட்டதால் 1967ல் மறுதேர்தல் வந்தது. அவர் மாநில செனட்டுக்கு நின்று தோற்றார். 1968ல் இனப் பிரிவினைக்காக நின்ற ஜார்ஜ் வாலஸின் அதிபர் பிரசாரத்தில் புளோரிடா மாநிலப் பொறுப்பு ஒன்றை ஏற்றார், அதுவும் தோல்வி. பர்ச் சொசைட்டியை, யூதர்களைப் பெயர் சொல்லித் தாக்க மறுக்கிற அமைப்பு என்று குற்றம்சாட்டி விலகினார். 1970ல் வெள்ளையருக்கென ஒரு கட்சி தொடங்கினார், அது எழவே இல்லை.

மதம் என்ற யோசனை இந்தத் தோல்விகளின் வரிசையில்தான் பிறக்கிறது. அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் வாதம் இது: கட்சி தேர்தலோடு முடிந்துவிடும், மதம் தலைமுறைகளுக்கு நிற்கும், ஆகவே வெள்ளையருக்கு வேண்டியது மதம். அப்படியானால் கிறிஸ்தவமே இருக்கிறதே? அங்கேதான் அவர் மற்ற வெள்ளை மேலாதிக்கவாதிகளிடமிருந்து பிரிந்தார். கு கிளக்ஸ் கிளான் சிலுவையை ஏந்தியது. வெஸ்லி ஸ்விஃப்ட், ரிச்சர்ட் பட்லர் போன்றவர்கள் வெள்ளையரே பைபிள் சொல்லும் உண்மையான இஸ்ரவேலர் என்று போதித்தார்கள். கிளாசனோ இயேசுவும் பவுலும் வெள்ளையரைப் பலவீனப்படுத்த யூதர்கள் செய்த சூழ்ச்சி என்றார். எதிரியை நேசி என்ற போதனையே அவருக்கு விஷம். 1973ல் அவர் வெளியிட்ட நூலும், அமைத்த 'சர்ச் ஆஃப் த கிரியேட்டர்' என்ற சபையும் இந்த அடிப்படையில் எழுந்தவை. அந்தப் பெயரில் வரும் படைப்பாளர் கடவுள் அல்ல, நாகரிகத்தைப் படைத்ததாக அவர் கருதிய வெள்ளையினமே. அந்த இனத்துக்கு நல்லது எதுவோ அதுவே புண்ணியம், அதற்குக் கெட்டது எதுவோ அதுவே பாவம். மதத்தின் சாரம் அவ்வளவுதான். மற்றவை சுற்றி வைத்த அலங்காரம்: பதினாறு கட்டளைகள், தலைவருக்குப் பழைய ரோமாபுரியின் 'பான்டிஃபெக்ஸ் மாக்சிமஸ்' (தலைமைப் பூசாரி) பட்டம், 1973ஐத் தொடக்கமாகக் கொண்ட நாட்காட்டி, சமைக்காத உணவும் உண்ணாநோன்பும் கலந்த ஒரு உடல்நல நெறி. 1981ல் வெளியிட்ட இரண்டாம் நூலுக்கு 'வெள்ளையனின் பைபிள்' என்றே பெயர் வைத்தார்.

வரிவிலக்குக்காகவா என்ற சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவில் சபை என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் சலுகையும் உண்டு, அது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அதுவே நோக்கம் என்றால் நடுவயதைக் கடந்த ஒரு வசதியான மனிதர் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதி, சொந்தப் பணத்தைக் கொட்டி, கடைசிவரை அதிலேயே கிடந்திருக்க வேண்டியதில்லை. வேடத்துக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படாது. இது மதமா என்ற கேள்விக்கு நீதிமன்றங்களே ஒரே பதில் சொல்லவில்லை. 2002ல் விஸ்கான்சினில் மத்திய நீதிமன்றம் ஒன்று, வேலைப் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் இதை மதமாகக் கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதன் உறுப்பினர் என்பது பத்திரிகையில் வந்ததால் பதவி இறக்கப்பட்ட ஒரு ஊழியரின் வழக்கு அது. 2009ல் கலிபோர்னியாவில் ஒரு கைதியின் வழக்கை விசாரித்த மத்திய நீதிமன்றம், இது மதமல்ல என்றது. மதங்களைப் படிப்பவன் என்ற முறையில் நான் முதல் தீர்ப்பின் பக்கம் சாய்வேன். கடவுள் இல்லாத மதங்கள் உலகில் உண்டு, அது தடையல்ல. ஒன்றை மதம் என்று சொல்வது அதை மதிக்கிறோம் என்று சொல்வதாகாது.

மனநோய் பற்றி: மருத்துவ ஆதாரம் இல்லாமல் ஒருவருக்கு நோய்ப் பெயர் ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. தெளிவாகக் கணக்குப் பார்த்தவர், ஒப்பந்தம் போட்டவர், திட்டமிட்டு எழுதியவர். அவர் வெறுப்பை நோய் என்று அழைத்தால், நோயோடு யாரையும் வெறுக்காமல் வாழும் மனிதர்களைத்தான் அவமதிக்கிறோம்.

1982ல் வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதியில், ஓட்டோ என்ற சிற்றூரில், 22 ஏக்கர் போல நிலம் வாங்கித் தலைமையகம் அமைத்தார். அடுத்த ஆண்டு ஒரு மாத இதழ் தொடங்கினார். 'இனப் புனிதப்போர்' என்ற முழக்கத்தைச் சுருக்கி 'ரஹோவா' என்று ஒரே சொல்லாக்கி, 1987ல் அதையே நூல் தலைப்பாகவும் வைத்தார். அவர் சபையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால், அவரே கொடுத்த பெரிய எண்களை நம்ப வேண்டாம். அச்சிட்ட பிரதிகள் உறுப்பினர்கள் அல்ல. உண்மையான கூட்டம் எப்போதும் சிறியதுதான். ஆனால் இங்கே தலைகளை எண்ணுவதில் அர்த்தமில்லை. 'ஸ்கின்ஹெட்' எனப்படும் மொட்டைத்தலை இனவாத இளைஞர் கும்பல்களிடமும் சிறைக்கைதிகளிடமும் அந்த நூல்கள் போய்ச் சேர்ந்தன.

அப்படிச் சேர்ந்த ஒருவர் ஜார்ஜ் லோப், அந்தச் சபையின் 'ரெவரெண்ட்', அதாவது போதகர். 1991 மே 17 அன்று புளோரிடாவின் நெப்டியூன் பீச்சில், ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் ஏற்பட்ட தகராறில், ஹெரால்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற கறுப்பின இளைஞரை அவர் சுட்டுக் கொன்றார். மான்ஸ்ஃபீல்ட் வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய கடற்படை வீரர். போர்க்களம் விட்டுவைத்த உயிர், வீட்டுக்கு வந்த சில வாரங்களில், கார் ஓட்டுவதில் எழுந்த ஒரு வாய்ச்சண்டையில் போயிற்று. தற்காப்புக்காகச் சுட்டேன் என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. 1992ல் லோப் ஆயுள் தண்டனை பெற்றார். கிளாசனின் வாழ்க்கையைப் படிப்பவர்கள் டப்பா திறப்பானை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், மான்ஸ்ஃபீல்டின் பெயரை மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

அதே 1992ல் கிளாசனின் மனைவி ஹென்ரி இறந்தார். அந்த ஆண்டே ஓட்டோ நிலத்தின் பெரும்பகுதியை, இன்னொரு வெள்ளை இனவாத அமைப்பான நேஷனல் அலையன்ஸின் தலைவர் வில்லியம் பியர்ஸுக்கு 1,00,000 டாலருக்கு விற்றார். பியர்ஸ் அதைப் பிறகு 1,85,000 டாலருக்கு விற்றார். மான்ஸ்ஃபீல்ட் குடும்பத்துக்காக சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற சட்ட உதவி அமைப்பு 1994ல் சபைமீது வழக்குப் போட்டு, 10 லட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றது. பின்னர் பியர்ஸ் மீதும் வழக்குப் போட்டு, அவர் அடைந்த லாபமான 85,000 டாலரை வாங்கியது. வழக்கு வரும் என்று தெரிந்தே கிளாசன் நிலத்தைக் கைமாற்றினார் என்பது வழக்குப் போட்டவர்களின் வாதம். தேதிகளையும் விலையையும் பார்த்தால் எனக்கு அது பொருத்தமாகவே தெரிகிறது. ஆனால் அவர் மனதில் என்ன இருந்தது என்பது ஊகம்தான், அதற்குள் அவர் உயிரோடு இல்லை. 1993 ஆகஸ்டின் முதல் வாரத்தில், 75 வயதில், தற்கொலை செய்துகொண்டார். மனைவியின் மறைவு, முதுமை, தகுந்த வாரிசு கிடைக்காதது, நெருங்கி வந்த வழக்கு எனப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

வாரிசு விஷயம் உண்மையிலேயே அவரை வாட்டியது. முதலில் குறித்து வைத்திருந்தவர் ஒரு இறைச்சி வியாபாரி, இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்டவர். பிறகு அடுத்தடுத்து ஆட்கள் மாறினார்கள். தலைமுறைகளுக்கு நிற்கும் என்று அவர் கட்டிய சபை, நிறுவனர் போன ஓரிரு ஆண்டுகளில் வழக்கின் சுமையில் கலைந்தது. அமைப்பு போனாலும் அச்சிட்ட தாள் போகவில்லை. 1996ல் இல்லினாய் மாநிலத்தின் ஈஸ்ட் பியோரியாவில் மாத்யூ ஹேல் என்ற இளைஞர் அதே நூல்களை எடுத்து, பெயரின் முன்னால் 'உலக' என்று சேர்த்து, சபையை மீண்டும் நடத்தினார். சட்டம் படித்த ஹேலுக்கு, குணநலன் தகுதியில்லை என்று வழக்கறிஞர் உரிமம் மறுக்கப்பட்டது. 1999 ஜூலை 2 அன்று அந்த மறுப்பு உறுதியானது. அவருக்காகச் சாட்சி சொன்ன பெஞ்சமின் ஸ்மித் என்ற மாணவர் அன்று மாலையே துப்பாக்கியோடு காரில் கிளம்பினார். மூன்று நாட்களில் யூதர்களையும் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் தேடித்தேடிச் சுட்டார். தன் பிள்ளைகளோடு வீட்டருகே நடந்துகொண்டிருந்த கூடைப்பந்துப் பயிற்சியாளர் ரிக்கி பேர்ட்சாங் கொல்லப்பட்டார். புளூமிங்டனில் ஒரு கொரியத் திருச்சபையின் வாசலில் ஆராய்ச்சி மாணவர் வோன்-ஜூன் யூன் கொல்லப்பட்டார். ஒன்பது பேர் காயமடைந்தார்கள். ஸ்மித் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். இந்தக் கொலைகளுக்கு ஹேல் உத்தரவிட்டதாக எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்ட நீதிபதி விஷயம். ஆரெகன் மாநிலத்தில் இவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத, எல்லா இனத்தவரையும் வரவேற்கும் ஒரு ஆன்மிக அமைப்பு அதே சபைப் பெயரை முத்திரையாகப் பதிவு செய்திருந்தது. அவர்கள் ஹேல் மீது வழக்குப் போட்டார்கள். சிகாகோவின் மத்திய நீதிபதி ஜோன் லெஃப்கோ முதலில் ஹேல் பக்கமே தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியபின், பெயரைக் கைவிடும்படி அவர் உத்தரவிட வேண்டியதாயிற்று. தன் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருந்தவரிடம் அந்த நீதிபதியைக் கொல்ல ஹேல் தூண்டினார். அந்த ஆள் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுப்பவர். 2003 ஜனவரியில் ஹேல் கைதானார், 2004ல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, 2005 ஏப்ரலில் 40 ஆண்டுச் சிறை. இடையில் 2005 பிப்ரவரி 28 அன்று நீதிபதியின் கணவரும் தாயாரும் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடே ஹேலின் ஆட்கள் என்றுதான் நினைத்தது, நீங்கள் படித்த செய்தியும் அந்த நாட்களில் எழுதியதாக இருக்க வேண்டும். ஆனால் கொன்றவர் பார்ட் ராஸ் என்ற எலக்ட்ரீஷியன். தன் மருத்துவச் சிகிச்சை தொடர்பான வழக்கை லெஃப்கோ தள்ளுபடி செய்ததால் வன்மம் கொண்டிருந்தவர். சில நாட்களில் விஸ்கான்சினில் போலீஸார் அவர் வண்டியை நிறுத்தியபோது தற்கொலை செய்துகொண்டார், கொலைகளை ஒப்புக்கொண்ட கடிதம் கிடைத்தது, நீதிபதி வீட்டில் கிடந்த சிகரெட் துண்டின் மரபணுவும் அவருடையதோடு பொருந்தியது. கிளாசனின் சபைக்கும் அந்த இரட்டைக் கொலைக்கும் தொடர்பில்லை.